சேற்றுத் தண்ணீரும் இரண்டு சங்கங்களும்

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் நெய்வேலியில் குடியேறியபோது நகரியத்துக்குள் பஞ்சாயத்து இல்லை, நகராட்சி இல்லை. நிலக்கரிச் சுரங்க நிர்வாகம் மட்டும் இருந்தது. தெருவிளக்கும் அதனுடையது, பள்ளிக்கூடமும் அதனுடையது. ஓட்டுப் போட்டு அதை யாரும் உட்காரவைக்கவில்லை, எழுப்பவும் வழியில்லை. என் கணவரைப் போன்ற படித்தவர்கள் இதை ‘ஒழுங்கு’ என்று பாராட்டினார்கள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தவள் உள்ளூர்க்காரி. சுரங்கத்துக்கு நிலம் போனதால் கணவனுக்கு வேலை கிடைத்த குடும்பம். ஒரு கோடையில் எங்கள் பிளாக் குழாய்களில் சேறாக வந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு அவள் நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி நிமிரவில்லை. “உன் வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கிற செக்‌ஷன் மூலமா மனு கொடுக்கச் சொல்லும்மா.”

“அவரு ஷிப்டுல இருக்காருங்க. தண்ணி புடிக்கிறது நானுங்க.”

“வீடு அவர் பேர்லதானே இருக்கு?”

அடுத்து தொழிற்சங்கத் தலைவரிடம் போனோம். மேடையில் உலகத் தொழிலாளர்களையெல்லாம் ஒன்றுசேர்ப்பவர் அவர். “உங்க வீட்டுக்காரர் நம்ம சங்கமா, அந்தச் சங்கமா?” என்றுதான் முதலில் கேட்டார்.

“சேறு ரெண்டு சங்கத்துக்காரங்களுக்கும்தான் வருதுங்க” என்றாள் அவள்.

மறுநாள் பிளாக் பெண்கள் குடத்தோடு கிளம்பினோம். “என் புரமோஷன் என்ன ஆகும்?” என்றார் என் கணவர். நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் அவள் ஒரு தம்ளரில் சேற்றுத் தண்ணீரை ஊற்றி அதிகாரியின் மேஜையில் வைத்தாள். “வெயில் காலமாச்சே, குடிங்க.”

அவர் குடிக்கவில்லை. ஆனால் மாலைக்குள் ஆட்கள் வந்து குழாயைத் தோண்டினார்கள். தண்ணீர் தெளிந்ததும் இரண்டு சங்கங்களும் தங்கள் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று போர்டில் எழுதிப் போட்டன. இரண்டிலும் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவள் கணவனை மட்டும் செக்‌ஷனில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். வீட்டுக்கு வந்தவன் வாசலிலேயே நின்று, “ஒன்ன அடக்கி வைக்கச் சொல்றாங்க” என்றான்.

“அடக்கிட்டேன்னு சொல்லிடுய்யா” என்றாள். அவன் சிரித்துவிட்டான்.

சில மாதங்களில் நிர்வாகமே ஒரு மகளிர் மன்றம் தொடங்கியது. அதிகாரியின் மனைவி தலைவி. யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. என் பக்கத்து வீட்டுக்காரிக்கு அழைப்பில்லை. முதல் கூட்டத்தில் கோலப் போட்டி நடந்தது. தெருக் குழாய்களைப் பற்றியும் பேசலாமே என்றேன்.

தலைவி அன்பாகச் சிரித்தார். “அதெல்லாம் அரசியல். நமக்கு எதுக்கு?”