ஐந்து குடம் தண்ணீர்

புதிதாக வேலைக்கு வரும் கால்நடை டாக்டர்கள், நான் பார்த்த கஷ்டமான பிரசவம், பெரிய ஆபரேஷன் என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் கொன்ற மாட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

மரக்காணம் பக்கம் அப்போது நானும் டாக்டர் விஜயாவும் இரண்டே பேர். மாடு, ஆடு, நாய், கோழி எல்லாம் எங்கள் தலையில்தான். அன்றைக்குக் கத்திரி வெயில். அனுமந்தையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் பாதி ஆடு பாக்கி. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. உப்பளத்தில் உப்பு வாரும் செல்வி.

“சார், நேத்து காலைல கயித்த அறுத்துக்கினு போன மாடு இப்பதான் கெடச்சுது. உப்பளத்துல நின்னுக்கினு இருந்துச்சு. தள்ளாடுது. தண்ணியப் பாத்தா பாயுது சார்.”

“வெயில் அடிச்சிருக்கும்மா. நெழல்ல கட்டி, வேணுங்கற அளவு தண்ணி காட்டு. முடிச்சிட்டு வர்றேன்.”

அவ்வளவுதான் பேசினேன். உப்பளம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

செல்விக்கு இருந்ததே அந்த ஒரு மாடு. கன்றுக்குட்டியாக வாங்கி வளர்த்தது. தலைச்சன் சினை, ஏழு மாதம். சினை பார்க்க நான் போயிருந்தபோது, “இது கன்னு போட்டுச்சுன்னா பால ஊத்திக்கினு வீட்டோட இருந்துடுவேன் சார். அந்த உப்புல இனிமே கால வெக்க மாட்டேன்” என்று பாதத்தைக் காட்டினாள். வெடிப்பு வெடிப்பாக இருந்தது, கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். மாடு விழுந்து கிடந்தது. கழுத்து பின்னால் வளைந்து, நாலு காலும் இழுத்துக்கொண்டிருந்தது. கண் தெரியவில்லை. தாடை மயிரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உப்பளம் என்று அவள் சொன்னது மண்டையில் ஏறியது. ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணீர் இல்லாமல் உப்புப் பாத்தித் தண்ணீரைக் குடித்திருக்கிறது. அப்படிப்பட்ட மாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு விட்டுத்தான் தண்ணீர் தர வேண்டும். ஒரேயடியாகக் குடித்தால் மூளை வீங்கிவிடும். கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கே தெரிந்த விஷயம் இது.

“எவ்வளவு குடிச்சுது?”

“அஞ்சு கொடம் சார். ஊத்த ஊத்த குடிச்சுது.”

மூளை வீக்கம் வடிய மேனிட்டால் ஏற்றினேன், டெக்சா ஊசியும் போட்டேன். ஒன்றும் எடுபடவில்லை. மாட்டின் உயிர் அடங்கிய பிறகும் வயிற்றில் கன்று இரண்டு தரம் அசைந்தது. ஏழு மாதக் கன்றை எடுத்தாலும் பிழைக்காது. அந்த வயிற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“நான் தண்ணி குடுக்க லேட் பண்ணிட்டனா சார்?” என்று கேட்டாள்.

“உம்மேல தப்பில்லம்மா” என்றேன். அதற்கு மேல் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பயம். வேறொன்றுமில்லை.

மறுநாள் விஜயாவிடம் மட்டும் சொன்னேன். “அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா சார்?” என்றார். “சொன்னா மாடு எழுந்து வருமா?” என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஊரிலேயே தடுப்பூசி முகாம். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களிடம் செல்வி சொல்லிக்கொண்டிருந்தாள்: “மாடு உப்பளத்துல மாட்டிக்கிச்சுன்னா ஒடனே வயிறு முட்ட தண்ணி குடுத்துடுங்கக்கா. நான் லேட் பண்ணி கொன்னுட்டேன்.”

ஊசியைக் கீழே வைத்தேன்.

“செல்வி, நீ லேட் பண்ணல. அவ்வளவு தண்ணி ஒண்ணா குடிச்சதாலதான் செத்துது. குடுக்கச் சொன்னது நான்தான். யாரும் அப்படிக் குடுத்துடாதீங்கம்மா.”

திட்டுவாள் என்று நின்றேன். திட்டித் தொலைத்திருக்கலாம்.

“அன்னிக்கி கொழாத் தண்ணி வர்ற நாள் இல்ல சார்” என்றாள். “புள்ளைங்க குடிக்க வெச்சிருந்ததையும் அதுக்குத்தான் ஊத்தினேன்.”

போனில் தண்ணீர் காட்டச் சொல்வதற்கு முன்னால், நேற்று அது எதைக் குடித்தது என்று கேளுங்கள். தப்புச் செய்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லுங்கள். இதைக் கற்றுக்கொண்டு எனக்கு என்ன பிரயோஜனம்? போன வாரம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். செல்வி அந்த உப்பளத்திலேதான் உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.