ஆள் இல்லாத படங்கள்

பிள்ளை பிறந்த செய்தி கேட்டதும், சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி ஒரு பெட்டிக் கேமரா வாங்கி அனுப்பினான். கூடவே மூன்று சுருள் பிலிமும் ஒரு கடிதமும் வந்தன. மருமகன் வளர்வதைத் தான் அங்கிருந்தே பார்க்க வேண்டும், மாதம் ஒரு படம் எடுத்து அனுப்பு என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை நான் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது.

"முடி எறக்காத புள்ளைய படம் புடிக்கறதா? நல்லாருக்கு லா ஒங்க வீட்டுப் பழக்கம்!" என்றார் அண்ணி.

அண்ணி என் கணவரின் அக்கா. கணவரை இழந்தபின் எங்களோடுதான் இருந்தார். பிள்ளைக்கு முடி இறக்குவதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டவரும் அவர்தான். ஒரு வயது முடிந்து மொட்டையடித்த பிறகுதான் பிள்ளை கேமரா முன்னால் வரலாம், அதற்கு முன் வந்தால் கண் பட்டுவிடும் என்றார். நான் கிள்ளானில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். இதையெல்லாம் நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேமராவைத் தொடாத அந்த வாரத்திலேயே பிள்ளைக்குச் சளி பிடித்தது. தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து, பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

வைத்த பிறகும் நிம்மதி இல்லை. நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் கோலா சிலாங்கூருக்கு வடக்கே, பஸ்ஸில் அரைமணி நேரத் தூரம். அங்கே அடிக்கும் ஈரக் காற்றில் செருப்பே பூஞ்சை பிடிக்கும். பிலிம் கெட்டுப்போனால் தம்பியிடம் என்ன சொல்வது? எடுத்தால் அண்ணிக்குப் பொல்லாதவள், எடுக்காவிட்டால் தம்பிக்குப் பொல்லாதவள். கடைசியில், கண் படுவதற்கு வழியே இல்லாத எதையாவது எடுப்பது என்று முடிவு செய்தேன். வீட்டை எடுத்தேன்.

என் கணவர் தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் கணக்கெழுதுபவர். கிராணி வீடு மரக்கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு. ஜன்னல்களுக்கு மேலே காற்று வர மரச்சட்டங்களைச் சாய்வாய் அடித்திருப்பார்கள். காலை ஒன்பதரைக்கு வெயில் அந்தச் சட்டங்கள் வழியே இறங்கி, கூடத்துப் பலகையில் பட்டைப் பட்டையாகப் படுத்துக்கொள்ளும். இரண்டு வருடம் அதன் மேல் நடந்து திரிந்தவள்தான் நான். கேமராவை இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு, மேலிருந்த சின்னக் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. பச்சை ஜன்னலும் சிவப்புத் திரையும் படத்தில் வரப்போவதில்லை. கறுப்பும் வெளுப்பும் மட்டும்தான் மிஞ்சும். அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தால் எங்கள் சாதாரணக் கூடம் ஏதோ அரண்மனை மாதிரி இருந்தது.

ஒரு சுருளுக்கு எட்டுப் படம். படிக்கட்டின் நிழலுக்கு ஒன்று, வீட்டுக்கு அடியில் மரக்கால்களின் நிழல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு இரண்டு என்று எட்டும் போயின.

கோலா சிலாங்கூர் பஜாரில் படம் கழுவிக் கொடுத்த சீனர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஓராங் தாடா!" என்றார். மலாயில் அடா என்றால் உண்டு, தாடா என்றால் இல்லை; ஆளே இல்லையே என்கிறார். சுருள் முழுவதும் கைதவறிப் போய்விட்டது என்று நினைத்தவர், கேமராவை வாங்கி, இப்படிப் பிடி, ஆளைப் பார், பிறகு அழுத்து என்று ஒரு காலண்டர் அழகியின் முன்னால் நின்று செய்து காட்டினார். நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த சுருளுக்குள் துணிச்சல் வந்துவிட்டது. பிள்ளையைக் கைலியால் இடுப்போடு கட்டிக்கொண்டு ரப்பர் ஷீட் காயப்போடும் புகைவீட்டுக்குப் போனேன். உள்ளே உயரத்தில் இருந்த துவாரங்களிலிருந்து புகைக்குள் வெளிச்சம் சாய்வாய் இறங்கியது. பிடித்து ஏறலாம் போல இருந்தது. வாசல் காவல் கொட்டகையின் கூரை நிழலை எடுத்தேன். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் அறிவித்திருந்த சமயம் அது; தோட்டத்தைச் சுற்றிப் புதிதாக முள்வேலி போட்டிருந்தார்கள். அதன் நிழல் செம்மண் பாதையில் பள்ளிக்கூடத்துப் பியானோ புத்தகம் போலக் கோடு கோடாக விழுந்தது. அதற்கு மட்டும் மூன்று படம்.

ஒரு தப்பும் நடந்தது. கேமராவோடு வந்த காகிதத்தில், சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று போட்டிருந்தது. சொன்னபடியே செய்தேன். கழுவி வந்த படத்தில் புகைவீட்டுச் சுவர் முழுவதும் என் நிழல்தான். ஒரு உடம்பு, இரண்டு தலை. பிள்ளையின் தலை என் தோளுக்குக் கீழே உருண்டையாக முளைத்திருந்தது. நிழலும் படத்தில் சேர்த்திதானா? நேர்ச்சை முறிந்துவிட்டதா? கடை வாசலில் நின்று பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. படத்தை உறையின் அடியில் செருகினேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்துச் சோதனை. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் டின் சாமானும் போய்ச் சேரக் கூடாது என்று அப்போது வழியெல்லாம் சோதனைதான். பால் டின்னைக்கூடக் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், பதுக்கி வைக்க முடியாதபடி. என் பையில் இருந்த டின் வழிந்து படங்களின் உறை மேல் ஒழுகியிருந்தது. நான் பதறிப்போய் உறையை வெளியே எடுத்துத் துடைத்தேன். அங்கே இருந்த தமிழ் இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

ஒவ்வொன்றாகப் புரட்டினார். வேலி. வேலி. வேலி. காவல் கொட்டகை. புகைவீட்டுக் கதவு.

"ஒரு ஆளு மூஞ்சிகூட இல்லியே. யாருக்கும்மா இது?"

"யாருக்கும் இல்ல சார். சும்மாதான்."

"சும்மா வேலிய மூணு படம் எடுப்பாங்களா?" என்று கேட்டு உறையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல ஒங்க வீட்டுக்காரரோட ஸ்டேஷனுக்கு வாங்க."

தோட்டத்தின் வரைபடத்தைக் காட்டுக்குக் கொடுத்ததாகச் சந்தேகம் வந்தாலே போதும், ஆளைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். என் கணவர் கிராணி வேறு. சம்பள நாள், லோரி வரும் நேரம் எல்லாம் தெரிந்தவர். வேலை போகும், வீடு போகும், அவரே போனாலும் போவார். பஸ் நகர்ந்த பிறகு, இல்லாத உறையை நான் பைக்குள் துழாவியதைப் பார்த்துப் பிள்ளை சிரித்தான்.

சாயந்திரம் என் கணவரிடம் சொன்னேன். 

"வேலிய எதுக்கும்மா எடுத்த?"

"நெழலு நல்லா இருந்துச்சுங்க."

"இதத்தான் நான் நாளைக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லணுமா?" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு போய்விட்டது.

மறுநாள் அண்ணியும் கிளம்பினார். "நீங்க ரெண்டு பேரும் வாய் செத்தவங்க," என்றார்.

இன்ஸ்பெக்டர் படங்களை மேசையில் பரப்பினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலிப் படத்தில் வேலியே இல்லை, நிழல்தான் இருக்கிறது, கொட்டகையிலும் அப்படித்தான், இதைப் பார்த்து யாரும் வழி கண்டுபிடிக்க முடியாது என்று ஒப்பித்தேன். அவர் நம்பவில்லை. ஒரு படத்தைத் தனியாக எடுத்துத் தள்ளினார்.

"இதுல ஒரு ஆளு இருக்கே. ரெண்டு தல. இடுப்போரமா ஏதோ பெட்டி. யாரு இது?"

அண்ணி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நான் என்று சொன்னால் போதும், என் கணவர் தப்பித்துவிடலாம். ஆனால் இன்னொரு தலை யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். நான் தயங்கினேன். தயங்கத் தயங்க இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"நான்தான் சார். பெட்டி கேமரா. அந்தச் சின்னத் தல… எம் புள்ள."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் வாய் திறந்தபோது பேசியது இன்ஸ்பெக்டரிடம்.

"சார், வெளிய வாங்க. வெயிலு நல்லா அடிக்குது. ஏ புள்ள, அவனக் கட்டு இடுப்புல. வந்து நில்லு."

ஸ்டேஷன் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நான் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கேமரா கொண்டுபோகவில்லை; என் கணவரின் தகரச் சாப்பாட்டுப் பெட்டியை இடுப்போரம் பிடித்துக்கொண்டேன். சுவரில் ஒரு உடம்பு, இரண்டு தலை. பிள்ளை தன் நிழலைப் பார்த்துக் கையை ஆட்டினான். சுவரிலும் ஒரு குட்டிக் கை ஆடியது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் முதலில் சிரித்தார். இன்ஸ்பெக்டர் படத்தைச் சுவரோடு வைத்து இரண்டு தடவை ஒத்துப் பார்த்தார்.

"அதே தல," என்றார். "இந்த வேலையத்த வேலைக்கா நான் ராத்திரியெல்லாம் தூங்கல?"

வேலிப் படங்களையும் கொட்டகைப் படத்தையும் அவரே வைத்துக்கொண்டார். மற்றவற்றைக் கொடுத்தார். "இனிமே எடுத்தா ஆள வச்சு எடுங்க. ஆளு இல்லாத படத்தோட ஒங்கள மறுபடி பாக்கக் கூடாது."

பஸ்ஸில் நான் அண்ணியின் பக்கம் திரும்பவே இல்லை. பாதி வழியில் அவரே பேசினார்.

"நெழலுக்குக் கண்ணு மூக்கு இருக்கா?"

"இல்ல அண்ணி."

"அப்ப கண்ணு எதுல படும்? விடு. ஒந்தம்பிக்கு அதயே அனுப்பு."

அனுப்பினேன். மருமகன் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறான் என்று பதில் எழுதினான்.

மூன்றாவது சுருளுக்கு ஆள் வேண்டும், பிள்ளை கூடாது. அண்ணிதான் ஆள். வெள்ளைச் சேலையில் புகைவீட்டு வாசலில் நிறுத்தினேன். உள்ளே இருட்டு, வெளியே வெயில், நடுவில் அவர். அவர் நின்ற பிறகுதான் அந்த வாசல் எவ்வளவு உயரம் என்று எனக்கே தெரிந்தது. அதுவரை நான் எடுத்ததெல்லாம் கோடுகள்தானோ என்றுகூடத் தோன்றியது.

கழுவி வந்ததும் அண்ணி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பாதி மூஞ்சிய எங்க வச்ச?"

"அது நெழல்ல இருக்கு அண்ணி."

"அடுத்த தடவ அந்தப் பாதியையும் எடு," என்று சொல்லிப் படத்தைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

அந்தச் சுருளைக் கழுவக் கொடுக்கும் முன், அதில் கடைசிப் படத்தை மட்டும் மொட்டைக்கென்று மிச்சம் வைத்திருந்தேன். மொட்டையடித்த அன்று கோயில் வாசலில் உச்சி வெயிலில் பிள்ளையை எடுத்தேன். சந்தனம் பூசிய மொட்டை, திறந்த வாய், முகமெல்லாம் அழுகை. நிழல் என்று சொல்ல ஒரு துளி இல்லை. நான் எடுத்ததிலேயே மோசமான படம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

படம் கழுவிய சீனர் அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் கடைக்குள்ளிருந்தே கத்தினார்: "ஓராங் அடா! ஓராங் அடா!"