பவுடர் டப்பாவில் ஆறு வளையல்

எனக்கு வளையல் நிற்காது. துணி துவைக்கும்போது இரண்டு போகும். குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது ஒன்று போகும். கல்யாணமான புதிதில் கிள்ளானில் ஒரு டசன் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டேன். ஆறு மாதத்தில் பாதி போய்விட்டது.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாளக் கூலி. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த லைன் வீட்டில் இருந்தோம். உடைந்த துண்டுகளைக் காலில் குத்தாமல் பொறுக்குவது அவர் வேலை. வளையல் உடைந்தது என்று எங்களில் சொல்ல மாட்டார்கள், ஆகாது. பெருகிவிட்டது என்பார்கள். அவர் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பெருக்கு பெருகினா நாமளே கடை வச்சிரலாம்" என்பார்.

ஜப்பான்காரன் வந்த அடுத்த வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். தண்டவாள வேலை தெரிந்தவர்களை முதலில் எடுத்தார்கள். மூன்று மாதம் என்று சொன்னார்கள். லோரியில் ஏறின பிறகு அவர் என் கையைப் பார்த்தார்.

"நான் வர்றதுக்குள்ள ஒன்னாச்சும் மிச்சம் இருக்குமா?"

"ஆறும் இருக்கும். வந்து எண்ணிக்குங்க."

"பாப்போம், பாப்போம்."

லோரி போய்விட்டது. நாங்கள் கடைசியாகப் பேசியது வளையலைப் பற்றித்தான்.

அன்று மத்தியானமே தேங்காய் எண்ணெய் தடவி ஆறையும் கழற்றினேன். பழைய பவுடர் டப்பாவில் இலவம் பஞ்சு வைத்து, அதில் அடுக்கி மூடினேன். கையில் இருந்தால் உடையும், டப்பாவில் இருந்தால் உடையாது. அவ்வளவுதான் யோசித்தேன். புருஷன் இருக்கிறவள் வெறுங்கையோடு இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

வேலைக்கு ஆள் இல்லாதவர்களை ரயில்வே தன் வீட்டில் இருக்க விடாது. லைன் வீட்டைக் காலி செய்து, பாசாருக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் ஓர் அறைக்குப் போனேன். பக்கத்து அறையில் ஓர் அக்கா. அவள் புருஷன் மாட்டு வண்டி ஓட்டினார். சாயங்காலம் அவர்கள் இருவரும் சண்டை போடுவது பலகைக்கு இந்தப் பக்கம் கேட்கும். சண்டை போட ஆள் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

பிழைக்க வேண்டும். பாசார் அருகில் கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடியில் ஒரு சாக்கை விரித்துப் பெண்கள் சாமான் விற்க ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் யார் நகை வாங்கினார்கள் என்று கேட்கலாம். எல்லோரும் வாங்கினார்கள். தங்கத்தை அரிசிக்குக் கொடுத்துவிட்டார்கள். காதில் ஓட்டை மட்டும் இருந்தது. வெறும் ஓட்டையோடு வெளியே போக எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது.

காதுக்குத் தென்னங்குருத்து ஓலை. சின்னதாகக் கிழித்து இறுக்கிச் சுருட்டி, மஞ்சளில் ஒரு முக்கு முக்கினால் தங்கத் தோடு மாதிரி இருக்கும். மூன்று நாளில் காய்ந்து சுருங்கும். வேறு வாங்க வருவார்கள். கழுத்துக்கு ஆனைக்குன்றிமணி. ரயில் பாதை ஓரத்து மரத்தடியில் சிவப்பாக உதிர்ந்து கிடக்கும். வேகவைத்தால் இளகும். சூடாக்கின ஊசியால் துளை போட வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே ஊசி. அது உடைந்தால் என் பிழைப்பு உடைந்தது. கோக்க நூல் கிடையாது. அன்னாசி இலை நாரைத் திரித்துக் கோத்தேன். சிரட்டையைத் தேய்த்துக் கொண்டை ஊசி, பொத்தான். மாவுச் சாக்கைக் கிழித்து ரவிக்கை. மஞ்சள், மங்குஸ்தான் தோல் இரண்டும்தான் சாயம்.

வருஷத்துக்கு ஒரு பேஷன் இருந்தது. முதல் வருஷம் குன்றிமணி இரட்டை வடம். அடுத்த வருஷம் மாங்காய் மாதிரி செதுக்கின கொண்டை ஊசி. அதற்கப்புறம் கை குட்டையான ரவிக்கை. தோளோடு நிற்கும் கை. அது பட்டணத்துப் பேஷன் என்று பெண்கள் சொன்னார்கள். சாக்கு போதாமல் நான் வெட்டினது அது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, இந்த மால கழுத்துல கடிக்குமா?"

"கடிக்காது. கடிச்சா கொண்டாந்து குடு."

"ரவிக்க முதுகுல எழுத்து தெரியுதே. மாவு மூட்டன்னு நெனச்சு யாராச்சும் தூக்கிட்டுப் போயிரப் போறாங்க!"

"ஒன்னையா? ரெண்டு ஆளு வேணும்லா தூக்க" என்றாள் அவள் கூட்டாளி.

அவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். மரவள்ளியோ ஒரு பிடி உப்போ கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு தெரு ரொம்ப நீளமாக இருந்தது. ஒரு நாளைக்கு நான் பேசினது எல்லாம் சாமானைப் பற்றித்தான். அறைக்குப் போனால் அதுவும் இல்லை.

வாங்க வருகிறவர்களுக்கு நான் சொன்னது இன்றைக்கும் பொருந்தும். எதையும் முன்பக்கம் பார்த்து வாங்காதே, பின்பக்கம் பார். தையல் அங்கேதான் தெரியும். மரவளையல் வாங்காதே. மழையில் சாயம் போய்க் கையில் ஒட்டும். டயர் செருப்பு அழகில்லை, ஆனால் வாங்கு. உன்னைவிட அது அதிக நாள் நடக்கும்.

எனக்கு நான் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சாயம் போட்டது விற்றுப் போகும். சாயம் போடாத சாக்கில் ரவிக்கை தைத்து நான் போட்டேன். ஒரு கலர் சீலை இருந்தது. அதைக் கொடுத்து அரிசி வாங்கினேன். பிறகு காடாத் துணியைச் சீலையாகக் கட்டினேன். அதுவும் வெள்ளை. தாலித் தங்கமும் போய்விட்டது. மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டி ரவிக்கைக்குள் போட்டிருந்தேன். அது வெளியே தெரியாது.

பக்கத்து அறை அக்கா ஒரு நாள் என் சாக்குக்கு முன்னால் குந்தினாள்.

"ஊருக்கெல்லாம் நக விக்கிறே. ஒங் கைய ஒருதரம் பாருடி."

"பாத்தேன்."

"வெள்ளச் சீல, வெறுங்கை. பாக்கறவங்க என்னா நெனப்பாங்க?"

"நெனச்சா நெனக்கட்டும்."

"வளையல எடுத்துப் போடேன். வச்சிருக்கேன்னு சொன்னியே."

"அவரு வந்து எண்ணணும்க்கா."

 அவள் எழுந்து போனாள்.

அவள் சொன்னது மனதில் இருந்தது. ஒரு நாள் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். எனக்குக் கல்யாண வளையல் போட்ட கடை அங்கே இருந்தது. கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். எல்லோரும் அவரை நானா என்போம். வேறு வளையல் கிடைத்தால் தினத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு, ஆறையும் டப்பாவிலேயே விடலாம் என்று எண்ணம். கடை அலமாரியில் ஒன்றும் இல்லை. நானா சுருட்டும் கருவாடும் விற்றுக்கொண்டிருந்தார்.

"வளையலா? அது கப்பல்ல வர்ற சாமான் தங்கச்சி. கப்பல நான் எங்கே போய்த் தேட?" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். வளையல் போடுகிறவர் அல்லவா, முகத்துக்கு முன்னால் கையைப் பார்ப்பார். "மஞ்சக் கயிறாவது கட்டிக்க. கை இப்படி இருக்கப்படாது."

கட்டினேன். சாயத் தண்ணீரிலும் மரவள்ளி மண்ணிலும் ஒரு மாதத்தில் கயிறு இற்றுப் போனது. மறுபடி கட்டவில்லை. இருந்த நாரெல்லாம் விற்பனைச் சாமானுக்கே வேண்டியிருந்தது.

மூன்று மாதம் என்றது இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. காகிதம் ஒன்றும் வரவில்லை. வந்தாலும் நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மாதத்துக்கு ஒரு தடவை டப்பாவைத் திறந்து பார்ப்பேன். ஆறும் இருக்கும். மூடிவிடுவேன்.

பிறகு ஜப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஒளித்து வைத்த சாமான்கள் எல்லாம் கடைக்கு வந்தன. பெண்கள் பாரசூட் துணி கேட்டார்கள். குன்றிமணியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே வாரத்தில் என் சாமான் பழைய பேஷன் ஆனது. சயாமுக்குப் போனவர்கள் ஒருவர் இருவராக ரயிலில் வந்து இறங்கினார்கள். நான் புதுப் பாய் ஒன்று வாங்கினேன். இன்னொரு தட்டும் வாங்கினேன்.

கிள்ளான் நானா கடையில் கண்ணாடி வளையல் வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். டப்பாவில் இருப்பது ஒரு கைக்குத்தான் காணும். இன்னொரு கைக்கும் ஆறு போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு வந்த ஆசை அது ஒன்றுதான்.

கிள்ளானில் இறங்கும்போது நல்ல மழை. கடைக்குப் போய்ச் சேருவதற்குள் நனைந்துவிட்டேன். நெற்றிப் பொட்டு கரைந்து போயிருக்கும். அது எனக்கு அப்போது தெரியவில்லை. கடைக்குள் இருபது பெண்கள். நானா ஒவ்வொரு கையாகப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிலவறையில் புதைத்து வைத்திருந்த பெட்டி என்று பேசிக்கொண்டார்கள். என்னைக் கண்டதும், "கோவிச்சுக்காதே தங்கச்சி, அன்னிக்கு எடுத்திருந்தா ஜப்பான்காரன் கையில என் தலை போயிருக்கும். கொஞ்சம் நில்லு, ஒனக்குப் பச்ச எடுத்து வைக்கிறேன்" என்றார். நான் வெளியே அஞ்சடியில் நின்றேன்.

அங்கே ஓர் ஆள் கம்பு ஊன்றி வந்தார். ஒரு கால் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. முதலில் அடையாளம் தெரியவில்லை. என் வீட்டுக்காரரோடு ஒரே லோரியில் போனவர். எங்கள் லைனில் குடியிருந்தவர்.

"அண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சீலையைப் பார்த்தார். கையைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது.

"தெரிஞ்சிருச்சா தங்கச்சி? யாரு வந்து சொன்னா?"

நான் ஈர முந்தானையைப் பிழிந்தேன்.

"நானு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. ஒன் மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமே வரல. யாரோ புண்ணியவான் முந்திக்கிட்டான்."

கடைக்குள் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வளையல் சத்தம் கேட்டது.

"எந்த மாசம்ண்ணே?" என்றேன். என் குரல் சரியாகத்தான் இருந்தது.

"மாசம் எங்கே தெரிஞ்சுச்சு. மழைக் காலம். காலரா. ரெண்டே நாளு. தனியா கெடக்கல, நான் பக்கத்துல இருந்தேன். தண்ணி குடுத்தேன்." அவர் கண்ணைத் துடைத்தார். "ஒன்னப் பத்தித்தான் பேசுவான். 'எல்லாத்தையும் ஒடச்சிருப்பாடா அவ, நான் போயி எண்ணணும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எங்களுக்குத்தான் என்னான்னு புரியல. என்னாத்த எண்ணணும்னான்?"



அவர் சொல்லும் வரை எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதன் என்ன ஆவார்? கால் முழுக்கப் புண். அவர் இறக்கி வைத்த பாரத்தை மறுபடி தலையில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. "புண்ணுக்கு மருந்து போடுறீங்களாண்ணே?" என்று கேட்டேன். போடுகிறேன் என்றார். கம்பை ஊன்றிக்கொண்டு போனார்.

"வா தங்கச்சி, கையக் குடு" என்று உள்ளேயிருந்து நானா கூப்பிட்டார். அவர் விரலில் பச்சை வளையல் ஆறு மாட்டியிருந்தது.

"வேணாம் நானா."

"ஏன், கலரு சரியில்லயா?"

"சரியாத்தான் இருக்கு."

ரயிலில் வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அழுததாக ஞாபகம் இல்லை. எதிரில் ஒரு சீனக் கிழவி கோழியை மடியில் வைத்திருந்தாள். அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள்தான் அழுதாள். செய்ய வேண்டியதைச் செய்யத்தான் வேண்டும் என்றாள். எங்கள் வழக்கம் எனக்கும் தெரியும். தலை நிறையப் பூ வைத்து, பொட்டு வைத்து, இரண்டு கையிலும் வளையல் போட்டு உட்கார வைப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் எடுப்பார்கள். வளையலை ஒன்றோடொன்று தட்டி உடைப்பார்கள்.

மறுநாள் அக்கா மூன்று பெண்களைக் கூட்டி வந்தாள். பூ கொண்டு வந்திருந்தாள். அறைக்குள் எல்லோருக்கும் இடம் போதவில்லை. நான் புதுப் பாயை விரித்தேன். அதில் உட்கார்ந்த முதல் ஆட்கள் அவர்கள்தான்.

"டப்பாவ எடுடி" என்றாள் அக்கா, மெதுவாக.

நான் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன்.

"இது போதும்க்கா."

"வளையல் ஒடைக்கணும்லா. அது மொற."

"ரெண்டு வருஷமா வெறுங்கைதானே. கையில இல்லாதத எப்படி ஒடைக்கறது?"

"அதான் வச்சிருக்கியே."

"அத ஒடைக்க மாட்டேன். அவரு எண்ணாதது."

ஒரு பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவள் தொடையில் தட்டினாள்.  பூவை வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தினேன். டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். எண்ணெய் வேண்டியிருக்கவில்லை. கை அவ்வளவு இளைத்திருந்தது. பகல் முழுவதும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையை அசைக்கவில்லை. மரவள்ளிகூட வேகவைக்கவில்லை. சாயங்காலம் கழற்றிப் பஞ்சில் வைத்தேன்.

அடுத்த நாள் அஞ்சடியில் சாக்கை விரித்தேன். பாரசூட் துணியில் ரவிக்கை தைக்கக் கற்றுக்கொண்டேன். வழுக்குகிற துணி அது, ஊசி நிற்காது. பிறகு பழகிவிட்டது.

டப்பா மூடி துருப்பிடித்துவிட்டது. பஞ்சை இரண்டு தடவை மாற்றினேன். ஆறும் இருக்கின்றன.