பட்டை உரித்த பக்கம்

ஆஸ்திரேலியாவில் என் தங்கை வீட்டுக்குப் பின்னாலிருந்த காடு எரிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. வீடு தப்பியது. வீட்டையொட்டி நின்ற தைலமரம் மட்டும் அடி முதல் நுனி வரை கரிந்து நின்றது. அம்மர நிழலுக்காகவே அவள் அவ்வீட்டை விரும்பி வாங்கியிருந்தாள். செத்த மரம் கூரைமேல் சாயுமென்று அஞ்சிய அவள் கணவர், சனிக்கிழமை வெட்டுவதற்கு ஆளைச் சொல்லிவிட்டார். தீப்பட்ட தைலமரம் தானே துளிர்க்கும், தொடாமல் பொறுத்திருங்கள் என்றார் அடுத்த வீட்டுப் பெண்மணி. சனிக்கிழமைக்குள் ஒரு தளிராவது தென்பட்டால் விட்டுவிடுவதாகக் கணவரும் இசைந்தார்.

காரமடையில் எங்கள் தோட்டத்தில், நான் பிடித்திருந்த கைப்பேசியில் அந்தக் கரிமரத்தைக் கண்ட அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏங் கண்ணு, சும்மா பாத்துக்கிட்டிருந்தா எந்த வெள்ளாம வந்துச்சு? கருகுன பட்டையச் செதுக்கிப்போட்டுச் சாணியப் பூசி உடு.”

“சாணிக்கு எங்கீங்கப்பா போறது? இங்க பாலே டப்பாவுலதானுங்க வருது.”

“அப்பச் செம்மண்ணாச்சும் பூசு.”

குப்பைத் தீயில் வெந்த எங்கள் வேம்பை அவர் அவ்வாறே பிழைப்பித்திருந்தார். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் தங்கை எனக்கு மட்டும் ஒரு படம் அனுப்பிவிட்டு அழைத்தாள். வீட்டைப் பார்த்த பக்கத்தில், இடுப்புயரத்திலிருந்து கையெட்டும் வரை வெள்ளை மரம் தெரியச் செதுக்கியிருந்தாள். அடுத்த வீட்டுப் பெண்மணி ஓடிவந்து தடுத்தாராம். மொட்டுகள் பட்டையின் ஆழத்தில் உறங்குகின்றன. அவற்றைத் தீயிலிருந்து காத்ததே அந்தத் தடித்த பட்டைதான். உரித்த இடத்தில் இனி எதுவும் முளைக்காது என்றாராம்.

“அக்கா, அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க,” என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை வரை மரம் கரியாகவே நின்றது. சனிக்கிழமை இங்கே விடிந்ததும் அழைத்தாள். வெட்டுபவரின் வண்டி வாசலில் நின்றது. இயந்திர வாள் உறுமும் ஒலி எங்களுக்கே கேட்டது. அவள் ஏணியில் ஏறி, செதுக்காத பக்கத்தின் வெடிப்புகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கத்தினாள். கரிய பட்டையைப் பிளந்துகொண்டு அரிசிமுனை போன்ற செந்தளிர்கள்! கணவரும் ஏறிப் பார்த்தார். இறங்கியதும் கையசைத்தார், வாள் ஓய்ந்தது.

“பாத்தியா அம்மணி! செதுக்குனது வீண்போகுமா? அந்தப் பக்கத்தக் காட்டு, அங்க இன்னும் நெறையா வந்திருக்கும்,” என்றார் அப்பா.

அவள் கைப்பேசியை அந்தப் பக்கம் திருப்பவில்லை.

“அந்தப் பக்கம் பாம்பு கெடக்குதுங்கப்பா.”

“அய்யோ, கிட்டப் போயிராத கண்ணு. நாளைக்குக் காட்டு.”

நாளையும் அந்தப் பாம்பு அங்கேயே கிடக்க வேண்டுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது.