கொத்தமல்லி ஒட்டிய ஐந்து கிலோமீட்டர்

ஐம்பத்தோரு வயதில் சைக்கிள் ஓட்டுவது கஷ்டமில்லை. ஓட்டப்போகிறேன் என்று எங்கள் பெங்களூர் ஜோகுபாளையம் முழுக்கத் தமுக்கடித்துவிட்டு ஓட்டுவதுதான் கஷ்டம். என் வாய் எப்போதுமே என் முழங்காலுக்கு முன்னால் ஓடும்.

ஆரம்பித்தவள் என் சிநேகிதி. ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள், இப்போது காக்ஸ் டவுனில் கணக்கு டீச்சர். அங்கே அவள் போகும் சர்ச்சுக்குப் பின்னால், ஒரு பழைய ஓட்டு வீட்டில், நடக்க முடியாத குழந்தைகளுக்கான சின்னப் பள்ளி நடக்கிறது. பெற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வருவார்கள். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றுகிற ஒரு வேன் வேண்டும். அதற்காக நாங்கள் இருவரும் மாதேஸ்வரன் மலைவரை சைக்கிளில் போய்த் திரும்புவது என்றும், தெரிந்தவர்கள் நாங்கள் ஓட்டும் தூரத்துக்கு ஏற்பப் பணம் கொடுத்து உதவுவது என்றும் முடிவாயிற்று. போக வர நானூற்று இருபது கிலோமீட்டர். அந்த எண்ணைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பள்ளியில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பேச்சில் என்னையே மடக்கிவிடுவாள். சார்ட் பேப்பர்களை ஒட்டி, சுவரின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நானூற்று இருபது கட்டங்கள் போட்டு வைத்திருந்தாள். தினமும் மாலை நாங்கள் போன் செய்து எத்தனை கிலோமீட்டர் என்று சொல்ல வேண்டும். அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் அத்தனை கட்டங்களுக்கு வண்ணம் அடிப்பாள். கிளம்புவதற்கு முதல் நாள் எங்களைக் கூப்பிட்டுச் சட்டம் சொன்னாள்.

"ரெண்டு பேரும் ஓட்டுனாதான் ஒரு கட்டம் ஆன்ட்டி. தள்ளினு நடந்தா ஓகே. வண்டியில ஏறுனீங்கன்னா கட்டம் கெடையாது."

"வண்டியா? நாங்களா?" என்றேன். அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியமும் செய்தேன். கேட்காமலே செய்தேன்.

கனகபுரா சாலையில் முதல் நாள் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பெங்களூர்க்காரர்களுக்குத் தூரம் என்றால் கிலோமீட்டர் இல்லை, நேரம். ஜோகுபாளையத்திலிருந்து பக்கத்திலேயே இருக்கும் தொம்மலூர் ஆபீசுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் 'முக்கால் மணி நேரம்' என்றுதான் நான் சொல்வேன். அந்தக் கணக்கை வைத்துத் திட்டம் போட்டிருந்ததால், இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தால் பெரிது என்று நினைத்திருந்த ஊருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கே போய்விட்டோம். என் தலைக்கனம் அங்கேதான் ஏறியது.

சாத்தனூர், மளவள்ளி, கொள்ளேகால் என்று நாட்கள் போயின. சிநேகிதி மெதுவாக ஓட்டுவாள், நிற்கவே மாட்டாள். நான் வேகமாகப் போய் ஏதாவது புளியமரத்தடியில் உட்கார்ந்து அவளைக் கிண்டல் செய்யக் காத்திருப்பேன். அவள் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய், இரண்டு ரெயின் கோட், ஒரு பிரார்த்தனைப் புத்தகம், குட்டி இஸ்திரிப் பெட்டி எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "காட்டுல எவன்டி உன் துணி மடிப்பைப் பாக்கப் போறான்?" என்று கேட்டதற்கு, "யானை பாக்கும்" என்றாள். அவளோடு நாற்பத்தைந்து வருஷம் காலம் தள்ளியதற்கு இந்த மாதிரிப் பதில்கள்தான் காரணம்.

ஹனூரைத் தாண்டியதும் வீடுகள் குறைந்தன. ராகிக் கொல்லைகளும் அவற்றுக்குப் பின்னால் மலையும்தான். டீக்கடையில் நாங்கள் கன்னடத்தில் கேட்டால் தமிழில் பதில் வரும், தமிழில் கேட்டால் கன்னடத்தில் வரும். எங்கள் தெருவும் அப்படித்தான் என்பதால் அது எங்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை. ஒரு வீட்டில் களி உருண்டையும் கீரைக் குழம்பும் போட்டு, தின்று முடிக்கும்வரை எங்களை எழுந்திருக்க விடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் சாப்பிட்டு எத்தனையோ நாளாயிற்று.

ஐந்தாம் நாள் மலை. அடிவாரத்தில் சிநேகிதி, "ஒரு டீ குடிச்சிட்டு வரேன், நீ போய்க்கிட்டே இரு" என்றாள். நானும் வீராப்பாக ஏறினேன். முதல் மூன்று வளைவு பரவாயில்லை. அப்புறம் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தேன். வெறுங்காலோடு மலைக்கோயிலுக்கு நடந்துபோகும் பக்தர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்களில் ஒரு அம்மாள் இடுப்பில் பேரனை வேறு வைத்திருந்தாள். என் முழங்கால் பழைய கதவு மாதிரிச் சத்தம் போட்டது. கடைசி ஏற்றத்தில் செயினும் கழன்றது. பாதையோரச் சுவரில் உட்கார்ந்து சைக்கிளை வண்டை வண்டையாகத் திட்டினேன்.

அந்த நேரம் பார்த்துக் காய்கறி ஏற்றிய டெம்போ ஒன்று பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "அக்கா, திட்டுறதைப் பாத்தா நம்ம பெங்களூரு மாதிரி இருக்கே. எந்த ஏரியா?" என்றான்.

"ஜோகுபாளையம்."

"அய்யோ, எங்க பெரியம்மா வீடு அங்கதான்க்கா. தண்ணி டேங்க்கு பின்னால. ஏறுங்க, ஏறுங்க."

இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். காட்டுக்குள் ஒருவன் நம் ஏரியாவில் சொந்தம் இருக்கிறது என்றால் எங்களுக்கு மூளை நின்றுவிடும். அவன் பெரியம்மா யார், எந்தச் சந்து, யார் மருமகள் என்று கேட்டபடியே சைக்கிளைத் தூக்கிப் போட்டு, டிரைவர் முதுகுக்குப் பின்னால் கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஆனது. அவர் மகள் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன். அந்தக் கல்யாணத்துப் பாயசத்தைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் மலை உச்சியில் ஊரின் நுழைவு வளைவு வந்துவிட்டது. இறங்கிய பிறகுதான் சார்ட் பேப்பர் ஞாபகம் வந்தது. ஐந்து கிலோமீட்டர்.

செயினை அவனே மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து, முகமெல்லாம் ரத்தச் சிவப்பாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் சிநேகிதி வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த முட்டியை வெச்சிக்கினு எப்படிடி ஏறுன?" என்றாள்.

"மெதுவாதான்" என்றேன்.

மாலையில் போன் செய்தோம். "ஆன்ட்டி, மலை முழுக்க நீங்களே ஏறுனீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் குழந்தைகள் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது.

திரும்பும் வழியில் இறக்கம்தான், காற்றும் முதுகுப் பக்கம்தான், ஆனாலும் என் சைக்கிள் கனத்தது. மயில்கள் குறுக்கே ஓடின, சிநேகிதி 'அங்க பாருடி' என்றாள், நான் எரிந்து விழுந்தேன். அவள் துவைத்துப் போட்ட சாக்ஸின்மேல் கோபம், கொள்ளேகால் இட்லியின்மேல் கோபம். யார்மேல் கோபம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மளவள்ளியைத் தாண்டி ஒரு ஏரிக்கரையில் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

அவள் ஜூஸைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். "எனக்குத் தெரியும்டி" என்றாள். "மேல வந்து பாக்குறேன், உன் ஹெல்மெட் மேல ஒரு கொத்து கொத்தமல்லி ஒட்டிக்கினு இருந்துச்சு."

"அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"பரீட்சை ஹால்ல பிட் அடிக்கிற பிள்ளைங்களைக்கூட நான் உடனே புடிக்கிறதில்ல. தானா எழுந்து வருதான்னு பாப்பேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் தள்ளிவிட்டு, "என்கிட்ட சொன்னா போதாது. சார்ட் வெச்சிருக்கிற மேடம் கிட்ட சொல்லு" என்றாள்.

காக்ஸ் டவுன் பள்ளி வாசலில் எங்களுக்கு மாலை, பலூன், ஆரத்தி. சுவரில் நானூற்று இருபது கட்டமும் நிரம்பியிருந்தது. உதவி செய்வதாகச் சொன்னவர்கள் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் முன்னால் போய்க் குந்தினேன். டெம்போ, கோஸ், பெரியம்மா, பாயசம், கொத்தமல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் கண்ணைப் பார்க்க எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"ஸ்கெட்ச் பென் ஆன்ட்டி. அழியாது" என்றாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சர்ச் கிரவுண்டுல ஓட்டுங்க. நான் எண்ணுறேன்."

சிநேகிதி கணக்குப் போட்டாள். கிரவுண்டைப் பத்துச் சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர், ஆக ஐம்பது சுற்று. வந்தவர்கள் எல்லாரும் கேசரித் தட்டோடு வேப்பமரத்தடிக்கு நகர்ந்தார்கள். மலையில் ஏறும்போதுகூட எனக்கு அவ்வளவு வியர்க்கவில்லை. இருபது சுற்று முடிந்ததும் சிநேகிதியும் தன் சைக்கிளோடு வந்து சேர்ந்துகொண்டாள். "நீ ஏன்டி?" என்றதற்கு, "ரெண்டு பேரும் ஓட்டுனாதான் ஒரு கட்டம்" என்றாள். "முதல் இருபதை நான் அப்புறமா ஓட்டிக்கிறேன்." சொன்னபடியே, நான் மரத்தடியில் மல்லாந்து கிடந்தபோது அவள் தனியாக இருபது சுற்றும் ஓட்டி முடித்தாள்.

அந்தப் பெண் சார்ட்டின் கடைசியில் துண்டுக் காகிதம் ஒட்டி, புதிதாக ஐந்து கட்டம் போட்டு வண்ணம் அடித்தாள். நானும் தப்பித்தோம் என்று கேசரிக்குப் போனேன்.

வேன் வந்த அன்றுதான் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்தேன். மலையின் பழைய ஐந்து கட்டங்களின்மேல் கறுப்பு மையால் ஒரு டெம்போ வரைந்திருந்தாள். பின்னால் கோஸ் உருண்டைகள், நடுவில் ஹெல்மெட் போட்ட ஒரு குண்டு அம்மாள், ஹெல்மெட்டில் பச்சையாகக் கொத்தமல்லி. பார்க்க வருகிற எல்லாருக்கும் முதலில் அதுதான் கண்ணில் படும்.

"அதான் ஐம்பது சுத்தும் ஓட்டிட்டேனே கண்ணு. இதை எடுத்துடலாமில்ல?" என்று கேட்டேன்.

"ஓட்டுனது அங்க கடைசியில இருக்கு ஆன்ட்டி" என்றாள், நாற்காலியை வேன் பக்கம் திருப்பிக்கொண்டே. "இதுவும் நடந்ததுதானே."

வேனின் சாய்தளத்தில் யார் உதவியும் இல்லாமல் தானே உருட்டி ஏறினாள். நான் பின்னால் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.