கதவு திறக்கும் எண்

தெஸ்கார் சுரங்கத்துக்குப் போகிற வண்டியை யெல்னா தோர்விக் ஓட்டுகிறாள். வயது அறுபதுக்கு மேல். இடது காதில் பாதி இல்லை, உறைபனி தின்றுவிட்டது. வண்டிக்கு வருவதற்கு முன் அவள் மூன்றாம் பிரிகேடில் சார்ஜென்ட்.

மூன்றாம் பிரிகேடு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கல்லூரியில் எங்களுக்குக் கொடுத்த சரித்திரப் புத்தகத்தில் இரண்டாம் பிரிகேடுக்குப் பிறகு நேராக நான்காம் பிரிகேடு வரும். தெஸ்காரிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் ஊரில் யாருக்கும் எண்ணத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள் போல.

பனிப்பாறை வெட்டுகிறவர்களைச் சேர்த்துத் திரட்டிய பிரிகேடு அது. முற்றுகைக் காலத்தில் நகரத்தின் வடக்குக் கதவைக் காத்தது அவர்கள்தான். பாதிப் பேர் அங்கேயே செத்தார்கள். முற்றுகை முடிந்த மறு வருஷம் தெஸ்காரில் வேலைநிறுத்தம் நடந்தது, ஆட்கள் சுரங்கத்தை விட்டு வெளியே வர மறுத்தார்கள். சுரங்கத்துக்குள் போகும் காற்றுக் குழாயை மூடச் சொல்லி, நகரத்தை ஆளும் மன்றம் பிரிகேடுக்கு உத்தரவு போட்டது. பிரிகேடு மூடவில்லை, வேறு யாரும் மூடிவிடாமல் குழாயைச் சுற்றித் துப்பாக்கியோடு நின்றது. அன்று உள்ளே இருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். நான் அதற்குப் பிறகு பிறந்தவன்.

மன்றம் பிரிகேடைக் கலைத்தது, கொடியை எரித்தது. அதோடு விட்டிருந்தால் மறந்திருப்போமோ என்னவோ. மூன்று என்று வாயால் சொல்வதே குற்றம் என்றும் சட்டம் போட்டது. தெருக்களும் கடைகளும் இரண்டிலிருந்து நான்குக்குத் தாவின.

கதவில்தான் அந்தச் சட்டம் இடித்தது. எங்கள் நிலவில் வெளியே காற்று கிடையாது; வண்டிக் கதவைத் திறக்கும் முன் ஓட்டுநர் எண்ணிச் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் தலைமூடியைப் பூட்ட வேண்டும். இரண்டு என்றால் பக்கத்து ஆளின் பூட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். மூன்று என்றால் கதவு. இதை நிலவு முழுக்கப் பழக்கியதே பிரிகேடுதான். இனி 'ஒண்ணு, ரெண்டு, நாலு' என்றது மன்றம். எல்லா ஓட்டுநரும் மாற்றிக்கொண்டார்கள். யெல்னா மாற்றவில்லை.

போன மாதம் நகரத்திலிருந்து ஓஸ்கன் ரெல் என்ற ஆய்வாளர் அவள் வண்டியில் ஏறினார். தடை செய்த சொல் அவள் வாயில் வந்தால் அந்த இடத்திலேயே உரிமத்தைப் பறிக்கப்போவதாக எல்லார் முன்னாலும் அறிவித்தார்.

சுரங்க வாசலில் வண்டி நின்றது. "ஒண்ணு," என்றாள் யெல்னா. நாற்பது தலைமூடிகள் பூட்டிக்கொண்டன. "ரெண்டு." தட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் கையைக் கட்டிக்கொண்டு சீட்டில் சாய்ந்துவிட்டாள்.

"ம், மேல சொல்லும்மா."

"என்ன சார் சொல்ல? அதைச் சொன்னா உரிமம் போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நாலுன்னு சொல்லு!"

"நாலுக்கு என் கை கதவைத் திறக்காது சார். அது அப்படிப் பழகின கை."

பின்சீட்டில் ஒருவர் தலைமூடியைக் கழற்றிவிட்டுப் பாசி ரொட்டியைப் பிரித்தார். "அவசரமில்லக்கா. மெதுவா யோசி."

"சார், நீங்களும் ஒரு வாய் சாப்பிடுறீங்களா? முகமே வாடிப்போச்சு," என்று ரெல்லிடம் ரொட்டியை நீட்டினார் இன்னொருவர்.

சுரங்கச் சங்கு ஊதியது. ரேடியோவில் மேலாளர் கத்தினார்: "ஆளெல்லாம் எங்க? எவன் வண்டியை நிறுத்தி வச்சிருக்கான்?"

"நகரத்து ஆய்வாளர் ஐயா," என்றாள் யெல்னா மரியாதையாக.

"அந்தாளை ரேடியோவுக்கு வரச் சொல்லு!"

ரேடியோவில் ரெல் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. முடிந்ததும் அவருடைய கழுத்தெல்லாம் வியர்வை. ரொட்டியை மடித்து வைத்துவிட்டு எல்லாரும் மறுபடி பூட்டி, மறுபடி தட்டினார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ முனகினார்.

"கேக்கல சார்."

"மூணு."

"கடைசி சீட்டு வரைக்கும் கேக்கணும் சார். உசிரு விஷயம்."

"மூணு!" என்று கத்தினார் ரெல்.

கதவு திறந்தது.

அவள் மீது இன்றுவரை வழக்கு இல்லை. போட முடியாது. அன்று வண்டியில் அந்தச் சொல்லைச் சொன்னது ஒரே ஒரு ஆள். அது யார் என்பதற்கு நாற்பது சாட்சிகள் இருக்கிறோம். நான் இரண்டாவது வரிசை.