ஆவணி மாசத்து மஞ்சப்பை

அந்த யோசனை எனக்கு வந்தது கப்பலூர் பஸ் ஸ்டாப்பில். எங்கள் கம்பெனியின் பெரிய பிரிண்டர் அண்ணன் கரைவேட்டியும் நெற்றிச் சந்தனமுமாகத் திருமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் தேங்காய். பையில் மணமக்கள் பேர் சிவப்பு மையில் பளிச்சென்று இருந்தது. முந்தின நாள் அவரே அடித்த பை. மற்ற வீட்டுப் பையெல்லாம் பாதியில் கிடக்க, இது மட்டும் மண்டபத்துக்கு நேரத்தோடு போயிருக்கிறது. பஸ் கிளப்பிய புழுதிக்குள்ளேயே எனக்கு விளங்கிவிட்டது. தான் சாப்பிடப் போகிற கல்யாணத்துக்குப் பை அடிக்கச் சொன்னால் எவரும் சுணங்க மாட்டார்கள்.

நாங்கள் செய்தது தாம்பூலப்பை. கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு வெற்றிலையும் தேங்காயும் போட்டுக் கொடுக்கிற மஞ்சள் துணிப்பை. ஆடி முழுக்க ஈ ஓட்டுவோம். ஆவணி பிறந்தால் ஜில்லாவே ஒரே நாளில் தாலி கட்டும். ஒரு நாள் பிந்தினால் சரக்கு குப்பை. பேர் அடித்த பையை வேறு மாப்பிள்ளைக்கு விற்க முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், எங்களுக்கு வேலை குவிகிற அதே முகூர்த்தத்தில்தான் எங்கள் ஆட்களுக்கும் கல்யாணம் குவியும். அங்கே சூப்பர்வைசராக இருந்துகொண்டே தபால் வழியில் நான் மேனேஜ்மென்ட் படித்துக்கொண்டிருந்தேன். உச்ச காலத்தில் ஆட்களை நடத்துவது எப்படி என்று புத்தகத்தில் ஒரு பாடமே உண்டு. அதில் தாய்மாமன் சீர் பற்றி ஒரு வரி இல்லை.

முதலாளி வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். கோபம் வந்தால் அந்தப் பாஷைக்குப் போய்விடுவார்; யாரும் மனம் நோக வேண்டியதில்லை என்று நினைப்பு. என் யோசனையை மட்டும் தமிழிலேயே கேட்டார்.

"செய்யி. ஆனா இந்த ஆவணியில முதல் பந்தி எந்திரிக்கிறதுக்குள்ள ஒவ்வொரு மண்டபத்துலயும் பை இருக்கணும். ஒண்ணு பிந்துனாலும் உன் நாற்காலியில என் மச்சினனை உக்கார வச்சிருவேன்."

மச்சினன் ஏற்கெனவே வாரம் ஒரு தடவை வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவான்.

மறுநாளே வேலையைப் பிரித்தேன். யார் ஊர்க் கல்யாணமோ அது அவர்கள் பொறுப்பு. பெரிய பிரிண்டருக்கு அவர் பெரியப்பா மகன் வீட்டுப் பை. என் மனசில் அது பரிசு கொடுத்த மாதிரி. மணமக்கள் பேர் பதிந்த அச்சு ஸ்கிரீனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் மை இழுக்கிற ரப்பர் கட்டையைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே?"

"எங்க அண்ணன் மகளுக்குக் கல்யாணமாக்கும்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். இந்தா, இப்ப உங்க ஸ்கிரீனைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்." பீடியைப் பற்ற வைத்தார். "பங்காளிக்கு வெத்தலை பாக்கு வச்சு இன்னும் பத்திரிகை வைக்கலை. அழைக்காத வீட்டுக்கு நான் பை அடிச்சுக் குடுத்தா, வெக்கங்கெட்ட பயன்னு ஊரு சொல்லாதா தம்பி?"

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அத்தனை பேரும் அவர் பக்கம்தான். அவர் கை அசையாவிட்டால் அந்தப் பை மட்டுமில்லை, வேறு எந்தப் பையும் நகராது.

மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்கே போனேன். கல்யாண வீட்டுக்காரர் பந்தக்கால் பக்கத்தில் நின்றுகொண்டு நிதானமாகச் சொன்னார்.

"அவன் நம்ம ஆளுதானப்பா. வெளியாளுகளை முடிச்சிட்டு, கடைசியா சாவகாசமா உக்காந்து வைக்கலாம்னு இருந்தோம்."

"அவரு ரப்பர் கட்டையைக் கீழ வச்சிட்டாருய்யா."

"வச்சிட்டானா?" அவர் முகம் மாறியது. உள்ளே பார்த்து, "ஏத்தா, தட்டை எடு" என்றார்.

புருஷனும் பெண்டாட்டியும் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்கே வந்தார்கள். ஈர மை காய்கிற பைகளுக்கு நடுவே, முறைப்படி நிற்கவைத்துத் தட்டை நீட்டினார்கள். பிரிண்டர் அண்ணன் வாங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்துதான் வாங்கினார். அவர் ரப்பர் கட்டையை எடுத்ததும் எனக்கு மூச்சு வந்தது.

அந்த அம்மா கிளம்பியிருக்கலாம். வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"ஏ, நீ கீழத்தெரு மருமக இல்ல? இம்புட்டுக் கிட்ட வந்துட்டு உனக்கு வைக்காமப் போனா நல்லாவா இருக்கும்?"

கீழத்தெருவுக்கு வைத்ததும் மேலத்தெரு தையலை நிறுத்தியது. அதற்கு வைத்ததும் மடித்துக் கட்டுகிற அக்கா முந்தானையைச் சரிசெய்தார். ஒவ்வொரு பத்திரிகைக்கும் முகூர்த்த நாளில் எனக்கு ஓர் ஆள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் எனக்கும் ஒன்று.

"தம்பி, நீங்க அவசியம் வரணும்."

அந்த வீட்டுப் பை சாயங்காலத்துக்குள் முடிந்தது. அப்படி ஒரு அச்சு அதுவரை நாங்கள் அடித்ததில்லை. ஆனால் அதே முகூர்த்தத்துக்குத் திருப்பரங்குன்றம் மண்டபம் ஒன்றுக்கும் பை பாக்கி. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானமே அத்தனை பேரும் பெண் வீட்டு வேலைக்கென்று பஸ் ஏறிவிட்டார்கள்.

முதலாளி வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்கிரீன் முன்னால் நின்றார். முதலாளியம்மா மெஷினில் உட்கார்ந்தார். மச்சினனைக் காதைப் பிடித்துப் பைக்குக் கைப்பிடி நாடா வெட்ட வைத்தோம். மாப்பிள்ளை பேர் பாதிப் பைகளில் கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. சௌராஷ்டிரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் அதில் சில வார்த்தைகள் புரிய ஆரம்பித்தன.

காலையில் மூட்டையும் நானுமாக மண்டபத்துக்குள் ஓடினேன். தாலி ஏறியாச்சு. முதல் பந்தியில் மோர் வாளி பாதி இலையைத் தாண்டியிருந்தது. பையில் தேங்காய் வெற்றிலை போட்டு மேசைக்குக் கொண்டுவர இன்னும் நேரம் வேண்டும். பரிமாறுகிறவரின் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, ரசம் இன்னொரு சுத்து விடுங்க."

"மோர் போயாச்சு மாப்ள. பெறகு எவன் ரசம் கேப்பான்?"

"நான் கேக்குறேண்ணே."

அவர் என் கையில் இருந்த சிவப்பு மையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ரச வாளியை எடுத்துக்கொண்டு போய், "மிளகு ரசம், செரிமானத்துக்கு நல்லது" என்று ஒவ்வொருவரையும் மல்லுக்கட்டினார். கடைசி ஆள் கை கழுவப் போகிறபோது வாசல் மேசையில் பை தயாராக இருந்தது. சாய்ந்த பேரை யாரும் கவனிக்கவில்லை. தேங்காய் இருக்கிறதா என்றுதான் தொட்டுப் பார்த்தார்கள்.

பின்னாலேயே ஆட்டோவில் வந்த முதலாளி பந்தியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாற்காலி இருக்கட்டும். அடுத்த முகூர்த்தத்துக்கு என்ன செய்யப் போற? என் சம்சாரம் இனிமே வரமாட்டா."

அதையும் ரச வாளி சுற்றிக்கொண்டிருக்கும்போதே யோசித்துவிட்டிருந்தேன். "கோரிப்பாளையத்துல பாய்மார் வீட்டுல நிறையத் தையல் மெஷின் ஓடுதுங்க. அவங்க கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கிறதில்லை. ஆவணியில அவங்க நமக்கு, ரம்ஜான் நேரத்துல நம்ம ஆளுங்க அவங்களுக்கு."

"அவங்க ஒத்துக்குவாங்களா?"

"கேட்டுட்டு வாரேன்."

மொபெட்டைக் கோரிப்பாளையத்துக்கு, ஆற்றுப்பக்கம் திருப்பினேன். அங்கே தையல்கடை பாயிடம் கூலி, துணி, நாள் எல்லாம் பேச வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் முன்னால் அவர் சொந்தக்காரர் வீட்டில் அடுத்த மாதம் யாருக்காவது நிக்காஹ் இருக்கிறதா, இருந்தால் அவருக்கு முறையாகச் சொல்லிவிட்டார்களா என்று கேட்டுவிடுவதாக இருந்தேன்.